மைலோ டின்னில் இருந்த காசுகளை எங்கே, எப்படி வைப்பது?

இந்த வாரக் கடிதம் மலேசியாவின் பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்திருக்கிறது. எழுதியவர் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. தன் பெயரும் தோட்டத்தின் பெயரும் வெளிவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதம் நீளமானது, அதனால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவராக இருந்தவர். சம்பளம் போடும் நாட்களில் கைக்கு வரும் பழைய காசுகளைத் தன் காசைப் போட்டு மாற்றி எடுத்து, ஒரு மைலோ டின்னில் சேர்த்திருக்கிறார். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோது குடும்பம் தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தது, டின்னும் கூடவே வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அப்பா காலமாகிவிட்டார். உயில் எதுவும் இல்லை. டின்னில் ஏறத்தாழ முந்நூறு காசு. சதுர வடிவ ஒரு காசு நாணயங்கள் நிறைய. எட்வர்ட் மன்னர் தலை போட்ட பெரிய வெள்ளி டாலர் காசுகள் ஐந்து. ஆறாம் ஜார்ஜ் காலத்து ஐந்து காசு, பத்து காசு, இருபது காசு நாணயங்கள். நாடாளுமன்றப் படம் போட்ட ஒரு சென் காசுகள். பாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்த காசு மாலையிலிருந்து கழன்ற, வளையம் பற்றவைத்த இந்திய வெள்ளி ரூபாய்கள் ஏழு. கூடவே ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டுகள் சில. அப்பா எல்லாவற்றையும் வகை பிரித்து, தமிழ்ப் பத்திரிகைத் தாளில் மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார். தாளின் ஓரத்தில் பென்சிலில் குறிப்பும் எழுதியிருக்கிறார்.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு யோசனை. கண்ணாடி மேசை ஒன்று செய்து, காசுகளை அடியில் அடுக்கி ரெசின் ஊற்றிவிடலாம் என்கிறார் கணவர். அது சரிவராவிட்டால் சிவப்பு வெல்வெட்டில் ஒட்டி, ஃபிரேம் போட்டு, சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டலாமாம். மகன் இணையத்தில் ஓர் ஆல்பம் வாங்கி, பாதிக் காசுகளைச் செருகியும்விட்டான். ஆசிரியையோ போன தீபாவளிக்கு முப்பது காசுகளைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறார். பளபளவென்று வந்துவிட்டன, மீதியையும் தேய்க்கலாமா என்று கேட்கிறார். ஈப்போவில் ஒரு வியாபாரி மொத்தமாக ஒரு விலை சொல்லியிருக்கிறார். தம்பி பங்கு கேட்கிறார். அதே தம்பி பழைய லயம் இருந்த இடத்தில் மண்ணைக் கிளறி இன்னும் சில செப்புக் காசுகளை எடுத்து வந்திருக்கிறார். "எல்லாவற்றையும் வங்கிப் பெட்டகத்தில் போட்டுவிட்டால் நிம்மதியா?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள டீச்சர்,

முதலில் ரெசின் வேண்டாம். வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் இன்றைக்கே கணவரிடம் சொல்லிவிடுங்கள். ரெசினில் போன காசு திரும்பி வராது. அதைக் கரைக்கவும் முடியாது, பின்னால் எடை போட்டுப் பார்க்கவோ மறுபக்கத்தைப் படிக்கவோ வழியும் இல்லை. இறுகும்போது ரெசின் சூடாகும், சில வருஷத்தில் மஞ்சளும் அடிக்கும்.

மற்றபடி உங்கள் வீட்டில் பேசப்படும் யோசனைகள் எல்லாம் காசுக்கு என்ன செய்யலாம் என்பதைப் பற்றியே இருக்கின்றன. தேய்க்கலாம், ஒட்டலாம், செருகலாம், ஊற்றலாம். உலோகப் பொருள்களைப் பாதுகாக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் நான் சொல்வது இதற்கு நேர் எதிர். காசை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டு, அதைச் சுற்றி இருப்பதை மாற்றுங்கள். எந்தத் தாள், எந்தப் பிளாஸ்டிக், எந்தப் பலகை, எவ்வளவு ஈரம் என்ற நாலு விஷயத்தைச் சரியாக முடிவுசெய்தால் அந்த முந்நூறு காசும் உங்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரை இப்படியே இருக்கும்.

புளியை எடுத்து வைத்துவிடுங்கள்

பித்தளைக் குத்துவிளக்கையும் செப்புச் சொம்பையும் புளி போட்டுத் தேய்த்து வளர்ந்த கை, பழைய காசைப் பார்த்தாலும் அதைத்தான் செய்யும். புளியின் அமிலம் செம்பின் மேலிருக்கும் ஆக்சைடு படலத்தைக் கரைத்துவிடும். சாம்பல் நுண்ணிய மணலைப் போல மேற்பரப்பைக் கீறிவிடும். குத்துவிளக்குக்கு இதனால் ஒன்றும் ஆகாது. காசுக்கு அப்படியில்லை. எழுபது எண்பது வருஷமாக உருவான அந்தப் பழுப்புப் படலம் அழுக்கு அல்ல, உலோகம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட மேல்தோல். அது போனால் கீழே இருக்கும் செம்பு ஈரக் காற்றில் மறுபடியும் மாற ஆரம்பிக்கும், இந்த முறை திட்டுத் திட்டாக. சேகரிப்பாளர்கள் தேய்த்த காசைக் கண்டதும் கண்டுபிடித்துவிடுவார்கள், விலையும் இறங்கிவிடும். பித்தளை பாலிஷ், பற்பசை, சோடா உப்பு, திருநீறு எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

தேய்த்த முப்பதும் வீணாகிவிட்டன என்று வருந்த வேண்டாம். அவற்றுக்கு ஒரு வேலை இருக்கிறது, காட்சிக்கு வைப்பதைப் பேசும்போது சொல்கிறேன். இப்போதைக்கு அவற்றில் புளி ஒட்டியிருக்கக் கூடாது. வாலை வடித்த தண்ணீரில் அலசி, பருத்தித் துணியில் ஒற்றியெடுத்து, நன்றாகக் காயவையுங்கள். மீதிக் காசுகளைத் தொட வேண்டாம்.

கையில் எடுக்கும்போது முகத்தில் விரல் படாமல் விளிம்பைப் பிடித்து எடுங்கள். கீழே மடித்த துண்டு ஒன்று இருக்கட்டும். கையைக் கழுவி நன்றாகத் துடைத்திருந்தால் போதும், கையுறை வேண்டுமானால் நைட்ரைல் கையுறை போடுங்கள். நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் ரப்பர் கையுறை வேண்டாம். காரணம் அடுத்ததிலேயே வருகிறது.

ரப்பர் பேண்ட், பத்திரிகைத் தாள், டின்

நீங்கள் அனுப்பிய படத்தில் 1903ஆம் ஆண்டு வெள்ளிக் காசு ஒன்றில் எட்வர்ட் மன்னரின் கன்னத்துக்குக் குறுக்கே நேர்க்கோடாக ஒரு கறுப்புப் பட்டை தெரிகிறது. இது எப்படி வந்தது என்று கேட்டிருந்தீர்கள். அது ரப்பர் பேண்ட் கிடந்த இடம். மரத்திலிருந்து இறங்கும் பாலை அப்படியே உலர்த்தினால் ரப்பர் பேண்ட் வராது, கந்தகம் சேர்த்துச் சூடுபடுத்தினால்தான் அந்த இழுவை கிடைக்கும். அந்தக் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்தால் வெள்ளி சல்ஃபைடு, அதுதான் கறுப்பு. தாள் ஒரு சுற்று இருந்தும் ஊடுருவிப் போயிருக்கிறது பாருங்கள். உங்கள் குடும்பத்துக்கே சோறு போட்ட சரக்கு, டின்னுக்குள் இருந்துகொண்டு வெள்ளியை அரித்திருக்கிறது.

ஆகவே ரப்பர் பேண்டுகளை எடுத்துவிடுங்கள். காசோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல் மெதுவாக உரித்தெடுங்கள். கறுப்புப் பட்டையைத் துடைக்கப் போக வேண்டாம். அது அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

பத்திரிகைத் தாளும் கெடுதல்தான். மலிவான மரக்கூழில் செய்த தாளில் அமிலம் இருக்கும், ஈரத்தையும் பிடித்து வைக்கும். ஆனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! அந்தத் தாளின் ஓரத்தில் இருப்பது அப்பாவின் கையெழுத்து. "செக்ரோல் (தோட்டத்துச் சம்பளப் பதிவேடு) முடிந்து வாங்கியது", "காளியம்மாள் மாற்றியது" என்பது போன்ற குறிப்புகள்தான் இந்தத் தொகுப்பை ஈப்போ கடையில் கிடைக்கும் முந்நூறு காசிலிருந்து வேறுபடுத்துகின்றன. பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பொட்டலத்தையும் மூடியபடி ஒரு படம், பிரித்தபின் தாளும் காசும் சேர்ந்து ஒரு படம் எடுங்கள். தாளுக்கும் காசுக்கும் ஒரே எண்ணைக் கொடுங்கள். பிறகு தாள்களைத் தட்டையாக ஒரு பாலிஎஸ்டர் உறையில் தனியாக வையுங்கள். இந்த வேலையை முடிக்காமல் ஒரு காசையும் இடம் மாற்றாதீர்கள். அவசரப்பட்டு எல்லாவற்றையும் மேசையில் கொட்டிவிட்டால் அந்த விவரம் ஒரு நிமிஷத்தில் போய்விடும், பிறகு யாராலும் மீட்க முடியாது.

மைலோ டின் உள்ளே துரு பிடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரு நினைவுப் பொருளாக அலமாரியில் வையுங்கள். உள்ளே காசு வேண்டாம்.

மகன் வாங்கிய ஆல்பம்

பையன் ஆசையோடு செய்திருக்கிறான், கோபப்படாதீர்கள். ஆனால் ஆல்பத்தைத் திறந்து ஒரு முறை முகர்ந்து பாருங்கள். புது ரெயின்கோட் வாசனை அடித்து, பக்கங்கள் மெத்தென்று வளைந்து கொடுத்தால் அது பிவிசி என்ற பிளாஸ்டிக். நம் வெப்பத்திலும் ஈரத்திலும் பிவிசி மெல்ல மெல்லச் சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளியிடும். அதை வளைய வைக்கச் சேர்த்திருக்கும் எண்ணெய்ப் பொருளும் வெளியே கசியும். முடிவில் காசின் மேல் பிசுபிசுப்பான பச்சைப் படலம் ஒன்று வரும். செம்பிலும் வரும், செம்பு கலந்த வெள்ளியிலும் வரும். கடையில் "காயின் ஆல்பம்" என்று விற்பதாலேயே காசுக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

காசுகளை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். இப்போதுதான் போட்டது என்பதால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. எதிலாவது பிசுபிசுப்பு தெரிந்தால், அதற்கு மட்டும் தூய அசிட்டோன். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, காசைச் சில நிமிஷம் ஊறவிட்டு, தேய்க்காமல் எடுத்து, புதிய அசிட்டோனில் இன்னொரு முறை நனைத்து ஆறவிட வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும். சமையலறையிலும் சாமி விளக்குப் பக்கத்திலும் வேண்டாம், வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பையனைத் தனியாகச் செய்ய விடாதீர்கள்.

மாற்றாக என்ன வாங்குவது? பொட்டலத்தில் பாலிஎஸ்டர், பாலிப்ரோப்பிலீன், பாலிஎத்திலீன் என்று தெளிவாகப் போட்டிருந்தால் வாங்கலாம். மைலார் என்று சொல்வதும் பாலிஎஸ்டர்தான். அது கொஞ்சம் விறைப்பாக இருக்கும், மடித்தால் சரசரக்கும். வெள்ளி டாலர்களுக்கும் பாட்டியின் ரூபாய்களுக்கும் அளவுக்கேற்ற கெட்டியான வட்ட அக்ரிலிக் கூடுகள் வாங்குங்கள். மற்றவற்றுக்கு மைலார் உறை போதும். நடுவில் ஜன்னல் வைத்த அட்டை உறைகளும் கிடைக்கும். அவற்றை ஸ்டேப்ளர் பின்னால் மூடுவார்கள், நம் ஊர் ஈரத்தில் அந்தப் பின் துருப்பிடித்து அட்டையில் இறங்கும். அதனால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

ஈரம்

நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் எழுபது விழுக்காட்டுக்கு மேல்தான், அதிகாலையில் தொண்ணூறையும் தாண்டும். உலோகத்துக்கு ஐம்பதுக்குக் கீழே, முடிந்தால் நாற்பது வாக்கில் வேண்டும். அலமாரியில் வைத்துப் பூட்டினால் மட்டும் இது கிடைக்காது.

கேமரா வைத்திருப்பவர்கள் வாங்கும் டிரை கேபினெட் ஒன்று, மின்சாரத்தில் ஓடும் சிறியது, உங்கள் தொகுப்புக்குத் தாராளமாகப் போதும். செலவு அதிகம் என்று தோன்றினால் ரப்பர் வளையம் இல்லாமல், சிலிகோன் வளையத்தோடு இறுக மூடும் பாலிப்ரோப்பிலீன் சாப்பாட்டு டப்பா ஒன்று, உள்ளே ஒரு சின்ன ஈரமானி, துணிப்பையில் சிலிகா ஜெல். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சைக்கு மாறும் வகையை வாங்குங்கள். பச்சையானதும் ஓவனில் நூற்றிருபது டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகிவிடும். நீல நிறத்தது வேண்டாம், அதில் கோபால்ட் குளோரைடு இருக்கும், உடம்புக்கு ஆகாது.

துணி அலமாரியில் வைக்கிறோமே, நாளடைவில் தண்ணீர் சேர்ந்து நிற்கும் டப்பா, அதைக் காசுப் பெட்டிக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். அதில் இருப்பது கால்சியம் குளோரைடு. சேரும் தண்ணீர் உப்புத் தண்ணீர். கவிழ்ந்தால் தொலைந்தது.

டப்பாவைப் படுக்கையறையில் வைப்பதாக இருந்தால் இன்னொன்று. ராத்திரி ஏர்கோன் ஓடி காலையில் நிறுத்தும் அறையில் காசும் குளிர்ந்திருக்கும். அப்போதே ஹாலுக்குக் கொண்டுவந்து திறந்தால் அதன் மேல் வியர்த்துவிடும். மூடியபடியே ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் திறங்கள்.

வகைகளைக் கலந்து வைக்காதீர்கள். உங்களிடம் இருக்கும் நாடாளுமன்றப் படம் போட்ட ஒரு சென் காசுகளில் 1967இலிருந்து வந்தவை வெண்கலம், 1973 முதல் வந்தவற்றில் உள்ளே இரும்பு, மேலே செம்புப் பூச்சு. ஒரு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் தெரிந்துவிடும். இரும்பு உள்ளவை விளிம்பில் கொப்புளித்துச் சிவப்புத் துரு தள்ளும், அவற்றைத் தனி உறையில் போடுங்கள். வாழைமர நோட்டுகளையும் தனியாக வைக்க வேண்டும். காசுக்கு ஏற்ற வறட்சி தாளை நொறுங்க வைத்துவிடும். நோட்டுகளுக்கு ஐம்பது விழுக்காடு ஈரப்பதமும் இருட்டும் போதும்.

சதுரக் காசுகளைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வழவழப்பான கரும்பச்சை அல்லது பழுப்பு என்றால் கவலையில்லை. வெளிறிய பச்சையில், ஊசியால் தொட்டால் மாவாக உதிரும் புள்ளிகள் இருந்தால் அது வேறு. உப்பு புகுந்து உலோகத்தைத் தின்னும் நிலை அது, வெண்கல நோய் என்போம். அந்தக் காசைத் தனியாக்கி, நன்றாக உலர்ந்த டப்பாவில் வையுங்கள். தம்பி மண்ணிலிருந்து எடுத்த காசுகளில் இது இருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, எப்படித்தான் காட்சிக்கு வைப்பது?

காட்சிக்கே வைக்காதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. யாரும் பார்க்காத தொகுப்பைப் பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள். ஆனால் முந்நூறையும் மாட்ட வேண்டியதில்லை, பன்னிரண்டு போதும்.

நீங்கள் புளி போட்டுத் தேய்த்த காசுகள் இங்கே பயன்படும். சேகரிப்பாளர் மதிப்பை ஏற்கெனவே இழந்தவை, படமும் எழுத்தும் தெளிவாகத் தெரிகின்றன. அவற்றில் ஐந்தாம் ஜார்ஜ் காலத்து சதுரக் காசு ஒன்று, 1939இலிருந்து வந்த ஆறாம் ஜார்ஜ் சதுரக் காசு ஒன்று, எலிசபெத் ராணி போட்ட மலாயா பிரிட்டிஷ் போர்னியோ சதுரக் காசு ஒன்று என்று எடுத்தால் மூன்று ஆட்சிக் காலம் வந்துவிடும். கூடவே ஆறாம் ஜார்ஜ் இருபது காசு இரண்டு வையுங்கள், ஒன்று 1939, மற்றொன்று 1948. முதலாவதில் முக்கால் பங்கு வெள்ளி. போர்க்காலத்து 1943, 1945 காசுகளில் பாதிதான் வெள்ளி. 1948இல் வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும் மட்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடப் போர் என்ன செய்தது என்று கண்ணால் பார்த்துப் புரியும். உங்கள் வகுப்புக்கே உதவும்.

பெரிய வெள்ளிக் காசுகளைச் சுவரில் மாட்ட வேண்டாம். அசல் அளவை விடப் பெரிதாக இரண்டு பக்கமும் படமெடுத்து அச்சிட்டு மாட்டுங்கள். மறுபக்கத்தில் இருக்கும் சீன எழுத்தும் ஜாவி எழுத்தும் (அரபு வடிவில் எழுதும் மலாய்) படத்தில்தான் நன்றாகத் தெரியும்.

ஃபிரேம் ஆழமானதாக இருக்கட்டும். காசைக் கூட்டுக்குள் போட்டு, கூட்டின் அளவுக்கு வெட்டிய அமிலமில்லாத அட்டைத் துளையில் பொருத்துங்கள். பசை காசைத் தொடவே கூடாது. சிலிகோன் பசையில் காடி வாசனை அடித்தால் அது அசிடிக் அமிலம், அதை ஃபிரேமுக்குள் அடைத்து வைக்காதீர்கள். வெல்வெட் விஷயத்தில் உங்கள் கணவருக்கு ஒரு சோதனை சொல்கிறேன். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆண்ட்ரூ ஓடி 1973இல் கொண்டுவந்த முறை இது. காட்சிப் பெட்டியில் போடப்போகும் துணி, பலகை எதுவாக இருந்தாலும் அதன் ஒரு துண்டை வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளோடு ஈரமான மூடிய குழாயில் அறுபது டிகிரியில் 28 நாள் வைப்பார்கள். தகடு கறுத்தால் அந்தத் துணி வேண்டாம். நீங்கள் ஜாம் பாட்டிலில் ஒரு வெள்ளிக் கொலுசுத் துண்டு, அதே வெல்வெட், ஈரப் பஞ்சு வைத்து ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். சோதனைக்கூடத்து அளவுக்கு இல்லாவிட்டாலும் மோசமான துணி மாட்டிக்கொள்ளும். பிளைவுட், மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகைகளும் அமில ஆவி விடும், ஃபிரேமின் பின்பக்கத்துக்குப் போடாதீர்கள்.

எங்கே மாட்டுவது? சாமி மேடைக்குப் பக்கத்தில் வேண்டாம். எண்ணெய் விளக்கும் சாம்பிராணியும் சூடமும் தினமும் விடும் புகை எண்ணெய்ப் படலமாக எல்லாவற்றிலும் படியும். ஆயுத பூஜை அன்று ஒரு நாள் கூடத்தில் கொண்டுவந்து வைத்தால் சாமி கோபித்துக்கொள்ள மாட்டார், ஆனால் சந்தனமும் குங்குமமும் கூட்டுக்கு வெளியிலேயே நிற்கட்டும். வெளிச்சுவரில் மழை ஈரம் இறங்கும், அதனால் உள்சுவர்தான் நல்லது. வாசல் கம்பிக் கதவிலிருந்து பார்த்தால் தெரியாத இடமாகவும் இருக்க வேண்டும். முகநூலில் படம் போடும் ஆசை வந்தால் வீட்டு முகப்பும் தாமான் பெயரும் இல்லாமல் போடுங்கள்.

வங்கிப் பெட்டகமும் காப்புறுதியும்

ஐந்து வெள்ளி டாலரையும் பாட்டியின் ரூபாய்களையும் பெட்டகத்தில் வைக்கலாம். திருட்டுக்கு அது நல்ல பதில், ஈரத்துக்கு இல்லை. சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பாவோடுதான் வைக்க வேண்டும், சில மாதத்துக்கு ஒரு முறை போய் மாற்ற வேண்டும். போக முடியாது என்றால் வீட்டு டிரை கேபினெட்டே மேல். பெட்டகத்தில் இருக்கும் பொருளுக்கு வங்கி பொறுப்பேற்குமா என்பதை ஒப்பந்தத்தில் படித்துப் பாருங்கள், வைத்தாலே காப்புறுதி வந்துவிடும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டுப் பொருள் காப்புறுதியிலும் பழைய நாணயங்களும் பதக்கங்களும் தனியாகக் குறிப்பிட்டால்தான் பொதுவாகச் சேரும். அதற்கும் எண் போட்ட பட்டியலும் படமும் கேட்பார்கள். மேலே சொன்ன படமெடுப்பு அங்கேயும் உதவும்.

ஈப்போ வியாபாரியைப் பொறுத்தவரை, மொத்த விலைக்கு இப்போது தலையாட்ட வேண்டாம். முதலில் நுட்பமான தராசு ஒன்றில் எடை போடுங்கள். 1903 டாலர் 26.95 கிராம், தொண்ணூறு விழுக்காடு வெள்ளி. 1907இல் அளவைக் குறைத்து 20.21 கிராமாக்கினார்கள். இந்த எடையில் கணிசமாகக் குறைந்தாலோ காந்தத்தில் ஒட்டினாலோ அது போலி, இந்தக் காசில் போலிகள் நிறைய உலவுகின்றன. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் 11.66 கிராம், ஆனால் வளையம் பற்றவைத்தவற்றில் எடை கொஞ்சம் கூடத்தான் காட்டும். வளையம் இருப்பதால் சேகரிப்பாளர் விலை குறையும், உண்மைதான். அதற்காக நகைக்கடையில் கொடுத்து வளையத்தை எடுத்துவிடாதீர்கள். பற்றவைத்த வடு போகாது, பாட்டியின் கழுத்தில் கிடந்த மாலை என்பதற்கான அடையாளம் மட்டும் போய்விடும். அந்த ஏழையும் மாலைக் காசாகவே சேர்த்து வையுங்கள்.

தம்பி கேட்கும் பங்கு, தம்பி தோண்டியவை

டின் உங்களிடம் இருப்பதால் அது உங்களுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். "பத்திரமா வச்சிரும்மா" என்று அப்பா கையில் கொடுத்தாராம். அது அன்பளிப்பா, பாதுகாக்கக் கொடுத்ததா என்று தம்பி கேட்டால் நிரூபிப்பது சிரமம். உயில் இல்லாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவரின் சொத்துக்குத் தீபகற்ப மலேசியாவில் 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டம் பொருந்தும். அப்பாவின் பெற்றோர் முன்பே காலமாகிவிட்டதால், அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள், மூத்தவர், இளையவர் என்ற வேறுபாடு கிடையாது. அம்மா உங்களோடுதான் இருக்கிறார் என்கிறீர்கள், ஆனால் கடிதத்தில் அவரை யாருமே கேட்டதாகத் தெரியவில்லை. முதலில் அவரைக் கேளுங்கள். மூன்று பேரும் சம்மதித்துத் தொகுப்பைப் பிரிக்காமல் ஒரே இடத்தில் வைப்பதாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. தம்பி பிடிவாதமாக இருந்தால், பிரிப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

மண்ணில் எடுத்த காசுகள் வேறு விவகாரம். அந்த நிலம் தோட்டத்துக்குச் சொந்தம், நாம் அங்கே பிறந்து வளர்ந்தோம் என்பதால் நமக்காகிவிடாது. மண்ணில் புதைந்து கிடைக்கும், உரியவர் யாரென்று தெரியாத நாணயங்களைப் பற்றியும், பாரம்பரிய மதிப்புள்ளதாகத் தோன்றும் பொருளைக் கண்டெடுத்தால் தெரிவிக்க வேண்டும் என்பது பற்றியும் 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டத்தில் விதிகள் உண்டு. நாலைந்து சதுரக் காசுதானே என்று தோன்றும். இருந்தாலும் மாவட்ட அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் பின்னால் யாரும் கேள்வி கேட்க முடியாது. இனி தோண்ட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். எடுத்தவற்றில் இருக்கும் மண்ணைப் பிரஷ் போட்டுச் சுரண்டாமல், எடுத்த இடத்தைக் குறித்து, அப்பாவின் காசுகளோடு கலக்காமல் வேறு டப்பாவில் வையுங்கள்.

பொட்டலங்களைப் படமெடுக்கும்போது பச்சைப் பொடி உதிரும் காசு எதுவும் கண்ணில் பட்டால், பக்கத்தில் ஒரு அடிக்கோல் வைத்து வெயில் வெளிச்சத்தில் கிட்டத்தில் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். அதற்கு என்ன செய்யலாம் என்பதை அந்தக் காசைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.